தரை காயும்வரை பேச வேண்டும்

எங்கள் வீட்டு ஹாலில், மீன் தொட்டிக்குக் கீழே இருந்த தரைக்கு முதுகுவலி வந்துவிட்டது. முதலில் மத்தியான வேளையில் மட்டும் முனகியது. பிறகு காலையிலும் முனக ஆரம்பித்தது. தைலம் தேய்த்துப் பார்த்தோம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். கேட்கவில்லை. டைல்ஸ் எல்லாம் ஊறிய அப்பளம்போல் மெத்தென்று ஆகி, தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

கொத்தனார் சவரிமுத்துவை வரச் சொன்னோம். அவர் தரையில் காதை வைத்துக் கேட்டார். உச்சுக் கொட்டினார்.

"பாவம்க்கா. எம்புட்டு நாளு சொமந்துருக்கு. தரைய மாத்திர வேண்டியதுதான்."

"தொட்டிய என்ன செய்ய?"

"வேற வீட்ல கொண்டு வைங்க. தரை காஞ்சதும் திருப்பிக் கொண்டாந்துரலாம். தற்காலிகம்தான்."

தற்காலிகம் என்ற வார்த்தையை நான் நம்புவதில்லை. என் சித்தி கல்யாணத்துக்கு வீட்டு வாசலில் தற்காலிகமாகப் போட்ட பந்தலுக்குக் கீழே, அதே சித்தியின் பேத்திக்கும் கல்யாணம் நடந்துவிட்டது.

"வடிவ வேற வீட்ல வச்சிட்டு நாங்க எப்படிப் பேச?" என்றேன்.

"அதுவும் நியாயந்தான்," என்றார் கொத்தனார். ஆனாலும் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டார்.

வடிவு யார் என்று சொல்லிவிடுகிறேன். வடிவு எங்கள் தங்கமீன். வாங்கிய புதிதில் சுண்டுவிரல் அளவு இருந்தாள். இப்போது என் உள்ளங்கையில் கொள்ளமாட்டாள். தொட்டியில் அவளோடு ஒரு சக்கர் மீனும் இருக்கிறது. அது கண்ணாடியை வாயால் கவ்விக்கொண்டு பாசியைத் தின்னும். எங்கள் குடும்ப விஷயத்தில் தலையிட அது கண்ணாடியிலிருந்து வாயை எடுத்ததே இல்லை. நல்ல குணம்.

தொட்டி வாங்கிய அன்றைக்கு அதைக் கிழக்குச் சுவரோரம் வைக்கவேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். மேற்குச் சுவரோரம் என்றேன் நான். பேச்சு முற்றியது. பேச்சு நின்றது. தொட்டி ஹாலுக்கு நடுவில் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலி, இந்தப் பக்கம் என் நாற்காலி. அன்று முதல் நாங்கள் வடிவு மூலமாகத்தான் பேசிக்கொள்கிறோம்.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. பேச்சு நின்றுபோன வீடுகளில் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவார்கள். பூனையிடம் சொல்வார்கள். சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பூனை வளர்த்தால் வடிவுக்கு ஆகாது. சுவரிடம் சொல்லலாம் என்றால், எந்தச் சுவர் என்பதில்தானே சண்டையே.

முறை இதுதான். நான் என் பக்கம் இருந்து, "வடிவு, தோசை ஆறுதுன்னு அவுககிட்ட சொல்லு," என்பேன். வடிவு கேட்டுக்கொள்வாள். திரும்புவாள். நீந்தி அந்தப் பக்கக் கண்ணாடிக்குப் போய் அவர் முகத்தைப் பார்ப்பாள். அப்போதுதான் சேதி சேர்ந்ததாகக் கணக்கு. அவர் எழுந்து சாப்பிட வருவார். வடிவு திரும்பாத வரைக்கும் அவர் உட்கார்ந்தே இருப்பார். காதில் விழுந்திருக்கும். அது வேறு. அவருக்குச் சொல்லப்பட்டிருக்காது.

"வடிவு, சட்னில உப்பு கூடன்னு அவகிட்ட சொல்லு," என்பார் அவர். இந்த மாதிரிச் சேதியைத் தூக்கிக்கொண்டு வரும்போது வடிவு மெதுவாகத்தான் திரும்புவாள். நடுவில் செடியைச் சுற்றி வருவாள். என்னிடம் வந்து சேர்வதற்குள் பாதி உப்பு தண்ணீரில் கரைந்திருக்கும். புத்திசாலி. எங்கள் இருவரில் யாருக்கும் வாய்க்காத புத்தி அவளுக்கு இருந்தது.

அவர் சர்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லைக்கல் அரையடி தள்ளி நட்டிருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. முறை என்றால் முறை. நான் அவர் பெயரைச் சொல்வதில்லை. கொத்தனார் சொல்வார், அப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

கொத்தனார் அளந்து முடித்து என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

"இன்னொரு விசயம்க்கா. தரை காயும்போது வீட்ல பேச்சுச் சத்தம் கேக்கணும்."

"கேக்கலைன்னா?"

"ரெண்டு வீடா காஞ்சிரும்."

"அப்படின்னா?"

"ரெண்டு வீடா. நடுவுல கோடு விழும். அந்தப் பக்கம் சங்கரபாண்டியன் அண்ணாச்சி. இந்தப் பக்கம் நீங்க. புதுத்தரைக்குப் பேச்சு கேக்கலைன்னா, வீட்டாளுங்க வேற வேறன்னு நெனச்சுக்கிடும். எங்க தெருவுல ஒரு வீடு மூணா காஞ்சு போச்சு. அங்க மாமியாரும் இருந்தாவ."

"சமையக்கட்டு யாருக்கு?"

"அது கோடு போற போக்கப் பொறுத்து."

என் வீட்டுக்காரர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். சுத்தமாக இருக்கும். ஈரத்துண்டு கட்டில்மேல் கிடக்காது. ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி ஓடாது. அப்படியொரு வீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு வேண்டாம்.

அடுத்த வீட்டுச் செல்லத்துரை அண்ணாச்சி தொட்டியை வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். அவரும் அவர் மனைவி பிச்சம்மாள் அக்காவும் சண்டை போட்டதே கிடையாது. அண்ணாச்சி டி.வி. பார்ப்பார். அக்கா முறுக்குச் சுடுவார். அந்த வீட்டில் சத்தம் என்றால் டி.வி.யும் எண்ணெயும்தான்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, தண்ணீரை டிரம்மில் இறக்கினார். பழைய தண்ணீரைக் கொட்டக்கூடாது. புதுத்தண்ணீரில் திடீரென்று விட்டால் மீன் சுருண்டுவிடும். பாதி பழையது, பாதி புதியது என்று கலந்துதான் விடவேண்டும். டிரம்மில் விழும்போது பழைய தண்ணீர் பேசிக்கொண்டே விழுந்தது. கேஸ் தீந்துபோச்சு, என்றது. மழை வருது துணிய எடு, என்றது. மாத்திரை போட்டாவளான்னு கேளு, என்றது. நாங்கள் இருவரும் கேட்காத மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கூழாங்கல்லை அள்ளினேன். செடிகளை ஈரத்துணியில் சுற்றினேன். அவர் சக்கர் மீனைக் கண்ணாடியிலிருந்து பிரித்தெடுத்தார். அது வாயைத் திறந்தபடி எங்கள் இருவரையும் பார்த்தது. ஏதோ சொல்லப்போகிறது என்று நினைத்தேன். டிரம்மில் போட்டதும் அதன் சுவரைக் கவ்விக்கொண்டது. செல்லத்துரை அண்ணாச்சி தொட்டிக்கு அடியில் போடும் தெர்மோகோல் அட்டையைக் கக்கத்தில் இடுக்கி, காலித் தொட்டியையும் டிரம்மையும் ஆள் வைத்துக் கொண்டுபோனார். கடைசியாக வடிவு இருந்த பெயிண்ட் வாளியைத் தூக்க வந்தார்.

அப்போதுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். வாசலில் வைத்து வாளிக்குள் குனிந்து சொன்னேன்:

"வடிவு, அவுககிட்ட சொல்லு. தரை காயுத வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்கணுமாம். இல்லன்னா வீடு ரெண்டாயிருமாம்."

வடிவு கேட்டுக்கொண்டாள். திரும்பினாள். திரும்பிக்கொண்டே இருந்தாள். வாளி வட்டமானது. அதில் என் பக்கம் எது, அவர் பக்கம் எது? பாவம், பிள்ளை சுற்றிச் சுற்றி வந்தாள். அவர் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அண்ணாச்சி வாளியைத் தூக்கிவிட்டார்.

என் வீட்டுக்காரர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார். ஒரு எழுத்து விடாமல் கேட்டார். கேட்டார் என்பது எனக்குத் தெரியும். முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் அவருக்குச் சொல்லப்படவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அண்ணாச்சி வாளியோடு வராந்தாவில் நடந்தார். பாரம் தூக்கிக்கொண்டு நடந்தால் எந்த வராந்தாவும் நீளும். எங்கள் வராந்தா கொஞ்சம் அதிகமாகவே நீண்டது. அண்ணாச்சி சின்னதாகிக்கொண்டே போனார். செருப்பு ஸ்டாண்டு தாண்டியதும் கண்ணுக்குத் தெரியவில்லை.

கொத்தனார் பழைய தரையைப் பெயர்த்தார். அது எழுந்து கை காலை நீட்டி நெட்டி முறித்தது. "வாரேம்மா," என்றது. "போய்ட்டு வாங்க. ஒடம்பப் பாத்துக்கிடுங்க," என்றேன். லிஃப்டில் ஏறிக் கீழே போய்விட்டது. மரியாதை தெரிந்த தரை.

பிறகு கொத்தனார் மண்ணைச் சமன்படுத்தி, கலவை போட்டு, ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை புதுத்தரை பாவினார். தொட்டிக்குக் கீழே மட்டும் மாற்றினால் பக்கத்துத் தரை கோபித்துக்கொள்ளும் என்றார். முடிக்கும்போது நான் சமையலறைப் பக்கம் நின்றிருந்தேன். என் வீட்டுக்காரர் படுக்கையறைப் பக்கம் நின்றிருந்தார். நடுவில் ஈரத்தரை.

"மிதிச்சிராதீங்க. பேசுங்க," என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

நாங்கள் பேசவில்லை.

நான் என்ன செய்ய? முதலில் வாயைத் திறந்தவர் தோற்றவர். இத்தனை காலம் கட்டிக்காத்த வீம்பை ஒரு கூடைச் சிமெண்டுக்காக விட முடியுமா? அவரும் வாயில் கொழுக்கட்டை வைத்தவர் மாதிரி நின்றார். கல்லுளிமங்கன்.

"சவரிமுத்து," என்றேன். "அவுககிட்ட நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்."

"நம்ம வேல தரை மட்டுந்தாங்க்கா. ஒரு வீட்ல இப்படித்தான் சேதி சொல்லப் போனேன். ரெண்டு பேரும் ராசியாயி என்னைய வெளிய தள்ளிட்டாவ."

சமையலறை ரேடியோவைப் போட்டேன். அது வீட்டாள் பேச்சு இல்லை என்றார் கொத்தனார். மிக்ஸியை ஓட்டினேன். அதுவும் இல்லை என்று தலையாட்டினார். சரி, நானாவது பேசுவோம் என்று ரசம் வைக்கும் விதத்தை உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன். புளியைக் கரைத்து, பெருங்காயம்வரை வந்திருப்பேன். கொத்தனார் பதறி எழுந்தார்.

"யக்கா, நிறுத்துங்க. ஒங்க பக்கம் மட்டும் காயுது. கோணலா போவுது."

பார்த்தேன். என் பக்கம் வெளுத்து வந்துகொண்டிருந்தது. அவர் பக்கம் அப்படியே கறுப்பாக இருந்தது. நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது.

வடிவிடமே போவோம் என்று செருப்பை மாட்டினேன். நல்லவேளை, கோடு வாசலையும் காய்ந்த ஓரத்தையும் என் பக்கம் விட்டிருந்தது.

வராந்தாவில் அதற்குள் பஸ் விட்டிருந்தார்கள். ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தார்.

"எங்கம்மா?"

"அடுத்த வீடு."

"அடுத்த வீட்டுக்கு இது எக்ஸ்பிரஸ். மீட்டர் பெட்டில நிக்காது."

"எனக்கு மீட்டர் பெட்டி வேண்டாம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அப்புறம் பீஸ் போயிரும்," என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

லிஃப்ட் வந்தது. செருப்பு ஸ்டாண்டு வந்தது. ஒரு டீக்கடை வந்தது. அதற்கு அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. வெள்ளையடித்த சுவர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவர் பக்கத்துத் தரையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிச்சம்மாள் அக்கா கதவைத் திறந்தார். கையில் முறுக்கு அச்சு. முகம் சிவந்திருந்தது.

"வா கோமதி. ஒங்க வடிவு என்ன சொல்லிச்சோ தெரியல. வந்து தொட்டில விட்டதுலேந்து இவுக பேசுதாவ, பேசுதாவ, நிறுத்தவே இல்ல. என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப நான் கட்டியிருந்த சீல நெறம்லாம் சொல்லுதாவ."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. தொட்டியை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வடிவு வாளியில் பாதி திரும்பியவள், தொட்டியில் விட்டதும் மீதியைத் திரும்பியிருக்கிறாள். எதிரே செல்லத்துரை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். சேதி அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அக்கா, ஒங்க வீட்டுத் தரை எப்பவோ காஞ்சாச்சே," என்றேன்.

"அதத்தான் நானும் சொன்னேன். எதுக்கும் இருக்கட்டும்ங்காவ." அக்கா தலையைக் குனிந்துகொண்டு அச்சைத் துடைத்தார். "நல்லாத்தான் இருக்கு. நீ இருந்து முறுக்கு சாப்பிட்டுட்டுப் போ."

நான் தொட்டி முன்னால் போய் நின்றேன்.

"வடிவு, ஆள் மாறிப்போச்சேம்மா."

வடிவு வாயைத் திறந்து மூடினாள். அவள் மேல் தப்பில்லை. அதே சேதியை மறுபடி கொடுக்கவும் முடியாது. ஒரு தடவை சொன்னால் சேதி. இரண்டு தடவை சொன்னால் கெஞ்சல். கெஞ்சலை வடிவு வாங்குவதில்லை. அது நாங்களே போட்ட முறை.

"அவளத் தூக்கிட்டுப் போறேன் அண்ணாச்சி," என்றேன்.

"இப்பத்தான் தண்ணி தெளியுது. அசைச்சா செத்துப்போவும்," என்றார் அண்ணாச்சி. உடனே அக்கா பக்கம் திரும்பி, "மாம்பழக் கலர்னு சொன்னனா, அதுல பார்டர் வந்து," என்று தொடர்ந்தார்.

நான் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். வடிவு வந்து அதற்கு நேராக நின்றாள். கையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தால் கோடு விரல் தண்டிக்கு ஆகியிருந்தது. கொத்தனார் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். வீடு ரெண்டுபட்டால் கொத்தனாருக்கு இன்னொரு வேலை கிடைக்கும். ஆனாலும் அவர் வருத்தமாகத்தான் இருந்தார்.

அந்தப் பக்கம் தள்ளிப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் தெருக்கோடியில் நிற்பவர்போல் சின்னதாகத் தெரிந்தார். அந்தப் பக்கத்துக்குத் தனியாக ஒரு வாசல் முளைத்திருந்தது. அதில் தனியாக ஒரு அழைப்பு மணி. எங்கள் மணி குயில்போல் கூவும். அது ஏதோ ஒரு பாழாய்ப்போன கிளி.

கிளி கத்தியது. கதவைத் திறந்துகொண்டு ஒரு வீட்டுத் தரகர் உள்ளே வந்தார். பின்னாலேயே ஒரு புருஷன், பெண்டாட்டி. வீடு பார்க்க வந்தவர்கள். கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் அவர்கள் பேசுவது எனக்குத் துல்லியமாகக் கேட்டது.

"ஒரு ஹால், ஒரு ரூம். காத்து நல்லா வரும்," என்றார் தரகர்.

"சமையக்கட்டு?" என்றாள் அந்தப் பெண்.

"அது அந்த வீட்டோட போயிருச்சு."

அவள் என் வீட்டுக்காரரைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இவரு?"

"இவரு வீட்டோட வாராரு."

"தொந்தரவு உண்டா?"

"ஒண்ணும் கெடையாது. பேச மாட்டாரு."

"சாப்பாடு?"

"வச்சா சாப்பிடுவாரு. உப்பு மட்டும் கொஞ்சம் பாத்துப் போடணும்."

"அட்ஜஸ்ட் பண்ணிக்கிடலாம்," என்றாள் அவள். "மூலையில உக்கார வச்சிட்டா எடமும் அடைக்காது."

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஹாலின் நடுவைப் பார்த்தார். அங்கே தொட்டி இல்லை. பிறகு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தன் காலைப் பார்த்தார்.

அப்போது நான் பார்த்தேன். பனியனை உள்வெளியாகப் போட்டிருந்தார். தையல் எல்லாம் வெளியே தெரிந்தது. கழுத்துக்குப் பின்னால் இருக்கவேண்டிய கம்பெனிச் சீட்டு முன்னால் தொண்டைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. இந்தக் கோலத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண் முன்னால், என் மனுஷன் நிற்கிறார். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம்.

"பனியனத் திருப்பிப் போட்டுருக்கீய," என்றேன்.

ஹாலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொத்தனார் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். என் வீட்டுக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

"யாரச் சொல்லுத?" என்றார்.

அவர் குரல் என்னிடம் நேராக வந்தது. நடுவில் தண்ணீர் இல்லை. கண்ணாடி இல்லை. இவ்வளவு கரகரப்பான குரல் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"யாரச் சொல்லுவாவ? அங்க பனியன் போட்டுட்டு வேற யாரு நிக்கா?"

"காலைல ஒறிஞ்சும்போது தண்ணி மேல பட்டுச்சி. கழத்திட்டு வேற போட்டேன்."

"போடும்போது கண்ணு எங்க இருந்துச்சி?"

"ஒன்னத்தான் பாத்துட்டு இருந்தேன். நீ வடிவ வாளில விடும்போது அழுத."

"நான் ஒண்ணும் அழல."

"அழுத. மூக்கு செவந்துருந்துச்சி."

"கோடு வளராம நிக்குதுக்கா," என்றார் கொத்தனார் வாசலிலிருந்து. "விட்டுராதீங்க. பேசுங்க."

நாங்கள் பேசினோம். என்ன பேசுவது என்றே முதலில் தெரியவில்லை. அவர் தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சொன்னார். நான் தேங்காய் விலையைச் சொன்னேன். என் அண்ணன் மகள் கல்யாணத்தில் அவர் ஏன் பந்தியில் உட்காராமல் எழுந்து வந்தார் என்று கேட்டேன். வெண்டைக்காய் வழவழவென்று இருந்தது என்றார். அதற்காகவா ஒருத்தர் எழுந்து வருவார் என்றேன். நீ பக்கத்தில் உட்காராமல் உன் மைனியோடு போய் உட்கார்ந்தாயே என்றார். சண்டை வந்துவிட்டது. கொத்தனார் எட்டிப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

"சண்டையும் பேச்சுதாங்க்கா. இதுல இன்னும் நல்லா பிடிக்கும்."

ஒவ்வொரு வார்த்தைக்கும் என் வீட்டுக்காரர் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டு வந்தார். அந்தப் பக்கத்துக் கதவு ஜன்னலாகச் சுருங்கியது. கிளி பாதிச் சத்தத்தில் நின்றது. தரகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னங்க இது, குடும்பம் இருக்க வீட்டையா காட்டுறீங்க?" என்றாள் வீடு பார்க்க வந்தவள்.

"காலைல பேச்சுமூச்சு இல்லாமத்தான் இருந்துச்சி," என்றார் தரகர். ஜன்னல் மூடுவதற்குள் மூவரும் ஒருவர் பின் ஒருவராக அதன் வழியே ஏறி இறங்கிப் போய்விட்டார்கள்.

ஒரு இடத்தில் பேச்சு தீர்ந்துபோனது. மோட்டாரும் முடிந்தது, வெண்டைக்காயும் முடிந்தது. கோடு நூல் அளவுக்கு மிச்சம் இருந்தது. கொத்தனார் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். இன்னும் கூடவில்லை.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நீ ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த பாரு, மழை நேரத்துல."

"ஆமா."

"அப்ப வீடு நல்லாவே இல்ல."

"ஏன், கூட்டலியா?"

"கூட்டினேன். தொடைக்கவும் செஞ்சேன். நல்லாவே இல்ல. நீ இல்லாம எனக்கு இருக்க முடியல கோமு."

கோமு என்று என்னை யாரும் கூப்பிட்டே வெகுகாலம் ஆகிவிட்டது. அவர் வழக்கமாக 'அவ' என்றுதான் சொல்லி அனுப்புவார்.

"இத ஏன் வடிவுகிட்ட சொல்லி விடல?" என்றேன்.

"சின்னப்பிள்ளகிட்ட போயி இதெல்லாம் எப்படிச் சொல்ல?"

அதுவும் வாஸ்தவம்தான். நானும் அவளிடம் சொல்லி அனுப்பாத சேதிகள் நிறைய வைத்திருந்தேன். ஒன்றைச் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. அவர் காது வரைக்கும் சிவந்துபோய் துண்டால் முகத்தைத் துடைத்தார். கொத்தனார் லிஃப்ட் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வந்து தரையின் நாலு மூலையையும் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"ஒரே வீடுக்கா," என்றார். "நடக்கலாம்."

யார் முதலில் கால் வைப்பது என்று நாங்கள் இருவருமே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு இரண்டு பேரும் நடந்தோம். தரை கல் மாதிரி இருந்தது. பக்கத்தில் போனதும் அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். நான் பனியனைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிட்டேன்.

"தொட்டிய எங்க வைக்கணும்?" என்று கேட்டார் கொத்தனார், சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டே.

"வந்து பேசிக்கிடுதோம்," என்றார் என் வீட்டுக்காரர்.

வடிவைக் கூட்டிவர இருவருமாகக் கிளம்பினோம். வராந்தா இன்னும் நீண்டுதான் கிடந்தது. பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவர் எனக்கு ஜன்னலோரம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் அருகருகே உட்கார்ந்து பழக்கமில்லை. முழங்கையை எங்கே வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. கண்டக்டர் வந்து ஒரு பெரியவர், ஒரு அம்மா என்று டிக்கெட் கிழித்தார். இல்லை, சேர்த்து ஒரே டிக்கெட்டாகக் கொடுங்கள் என்றார் இவர். அப்படி ஒரு டிக்கெட் கிடையாது என்றார் கண்டக்டர். பிறகு பையில் தேடி, ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

லிஃப்ட் தாண்டியதும் இவர் ஆரம்பித்தார்.

"ஒங்கிட்ட இதச் சொன்னதே இல்ல பாரு. வேலைக்குச் சேந்த புதுசு. ஒரு கொளத்த அளக்கப் போயிருந்தேன். இந்தக் கரைல கல்லப் போட்டுட்டு அந்தக் கரைக்குப் போறேன், அங்க ஒரு அம்மா துணி தொவச்சிக்கிட்டு இருக்கா. என்னையப் பாத்து, 'தம்பி, கொளத்த அளந்து யாருக்குக் குடுக்கப் போற'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீய?"

"நான் என்ன சொல்ல, எனக்கு அப்ப மீசையே மொளைக்கல. அளக்குத சங்கிலிய விட்டுட்டு அப்படியே கரைல உக்காந்துட்டேன்."

செருப்பு ஸ்டாண்டு போயிற்று. டீக்கடை போயிற்று. வெள்ளைச் சுவர் முடிந்து அண்ணாச்சி வீட்டு ஜன்னல் வந்தது. "அடுத்த வீடு, அடுத்த வீடு எறங்கு," என்று கண்டக்டர் விசில் அடித்தார். ஜன்னலுக்குள் விளக்கு வெளிச்சத்தில் தொட்டி தெரிந்தது. அண்ணாச்சி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வடிவு இந்தப் பக்கக் கண்ணாடிக்கு வந்து எங்கள் இருவரையும் பார்த்தாள்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். இவர் கதையின் நடுவில் இருந்தார். கை இரண்டையும் விரித்து, குளம் எவ்வளவு பெரிது என்று காட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. இத்தனை காலம் கழித்து ஒரு மனுஷன் வாயைத் திறந்திருக்கிறார். நடுவில் போய் நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பஸ் கிளம்பிவிட்டது. வடிவு நல்ல தண்ணீரில்தான் இருக்கிறாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்துகொள்ளலாம்.

"அப்புறம்?" என்று கேட்டேன்.